காயலான் கடைச் சிலிண்டர்: உயர்பாதுகாப்புப் பூட்டை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், நாச்சியார்கோவில் பக்கம் பழைய பித்தளைக்கு எப்போதும் கிராக்கிதான். பாத்திரப் பட்டறைக்கும் குத்துவிளக்குப் பட்டறைக்கும் அது வேண்டும். பழைய குழாய், தாழ்ப்பாள், நசுங்கிய சொம்பு என்று எல்லாம் ஒரே சாக்கில் எடைக்குப் போகும். அந்தச் சாக்கின் அடியில்தான் அவ்வப்போது கதவுச் சிலிண்டர்களும், அதாவது கதவுப் பூட்டில் சாவி நுழையும் தனி உருளைப் பாகங்களும், கிடக்கின்றன.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர், காரைக்கால் என்று டெல்டாவில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகள் நிறைய. சிங்கப்பூர், வளைகுடா, பிரான்ஸ் என்று போய்வந்தவர்கள் சிலர் கதவுச் சாமானையும் அங்கிருந்தே வாங்கிவந்து பொருத்தினார்கள். அடுத்த தலைமுறை வீட்டை இடித்துக் கட்டும்போது தேக்குக் கதவுக்கு ஆள் வந்துவிடும். சிலிண்டரை யாரும் கேட்பதில்லை. ஃபின்லாந்திலோ ஆஸ்திரியாவிலோ நுணுக்கமாகச் செய்யப்பட்ட ஒரு பூட்டு, என்னவென்றே தெரியாமல் உலைக்குப் போவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பூட்டுத் திறப்பைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள், கடையில் நின்றபடியே, எதையும் பிரிக்காமல், கையில் இருப்பது என்ன பூட்டு என்று கண்டுபிடிக்க இந்த வழிகாட்டி. பிக்கை, அதாவது சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் கம்பியை, கையில் எடுப்பதற்கு முன்னால் பூட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். என்ன வகை என்று தெரியாமல் உள்ளே கம்பியை விட்டுக் குடைந்தால், அரிதான பூட்டு கெட்டுப்போகும். மாற்றுப் பாகம் இங்கே கிடைக்காது.

முதலில் இரண்டு விதிகள்

உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கடைப்பிடிப்பவை இவை: உங்களுக்குச் சொந்தமான பூட்டை மட்டும் திறங்கள், பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதீர்கள். சொந்த வீட்டு வாசல் பூட்டாக இருந்தாலும் வேண்டாம். உள்ளேயுள்ள பின் (சிறு உலோகக் குச்சி) சிக்கிக்கொண்டால் ராத்திரி வெளியில்தான் நிற்க வேண்டும்.

காயலான் கடையில் வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவின்படி குற்றம். கதவோடு பெயர்த்து எடுத்த தடயம், வளைந்த முகப்பு, புத்தம் புதிய துளைப்பு இதெல்லாம் தெரிந்தால் அதை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பிக் செட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். அது வீட்டு மேசையில் இருக்க வேண்டிய பொருள்.

ஒரே இடத்திலிருந்து வந்த ஐந்தாறு சிலிண்டர்கள், ஒரே மாதிரி சாவித்துவாரம், முகத்தில் அறை எண் மாதிரி ஏதாவது வெட்டியிருக்கிறது என்றால், அது ஓட்டலோ மருத்துவமனையோ அலுவலகமோ, எல்லாக் கதவையும் ஒரே மாஸ்டர் சாவியால் திறக்கும்படி செய்த ஒரு தொகுப்பாக இருக்கலாம். அந்தக் கட்டடம் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால், இங்கே கழற்றிய ஒரு சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தே அங்கே மீதியுள்ள கதவுகளின் மாஸ்டர் சாவியை ஊகிக்க முடியும். மாஸ்டர் சாவி முறையின் இப்படியொரு பலவீனத்தை மாட் பிளேஸ் என்ற ஆய்வாளர் 2003-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். அந்த மாதிரித் தொகுப்பு கிடைத்தால் எந்த இடத்திலிருந்து வந்தது என்று விசாரித்து அவர்களிடமே சொல்லிவிடுவதுதான் முறை.

கையில் என்ன வேண்டும்

சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெர்னியர் காலிபர், ஒரு காந்தம், நாலைந்து மரப் பல்குத்திகள், ஒரு பழைய டூத் பிரஷ். இவ்வளவு போதும். கடைக்கு டென்ஷன் ரெஞ்ச் (பிக் செய்யும்போது பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் கம்பி) கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை.

படி 1: உருவத்தைப் பாருங்கள்

நம் ஊரில் பூட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது திண்டுக்கல் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டும், வீட்டுக்கு வீடு தொங்கும் நவ்தால் பூட்டும் லீவர் வகை. உள்ளே தகடுகள் இருக்கும். தனியாகக் கழற்றக்கூடிய சிலிண்டர் இருக்காது. அது வேறு உலகம், இங்கே பேசப்போவதில்லை.

சிலிண்டரில் இன்று அதிகம் கிடைப்பது யூரோ வடிவம். மேலே வட்டம், கீழே ஒரு தண்டு, நடுவில் சுற்றும் நாக்கு. உயரம் 33 மி.மீ., வட்டத்தின் விட்டம் 17 மி.மீ., தண்டின் அகலம் 10 மி.மீ. நீளத்தை நடுவிலுள்ள திருகுத் துளையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். 30-30, 35-35 என்று சொல்வது அதைத்தான். அதே உருவத்தில் வட்டம் 22 மி.மீ. இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். அது சுவிஸ் வடிவம், உள்ளே காபா அல்லது கெசோ என்ற சுவிஸ் நிறுவனப் பூட்டு இருக்க நல்ல வாய்ப்பு. முட்டை வடிவம் என்றால் ஸ்வீடன், ஃபின்லாந்துப் பக்கம். வெளிப்புறம் முழுக்கத் திருகு மரை வெட்டிய தடித்த உருளை அமெரிக்க மார்ட்டிஸ் வகை. பின்னால் நீளமாக ஒரு தகட்டு வால் நீட்டிக்கொண்டிருந்தால் நைட்லாட்ச் (கதவைச் சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு) சிலிண்டர். அதில் பெரும்பாலும் சாதாரணப் பூட்டுதான் வரும், ஆனாலும் முகத்தைப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள்.

படி 2: எடையும் உலோகமும்

நல்ல சிலிண்டர் பித்தளையில் இருக்கும். மலிவானது துத்தநாகக் கலவை வார்ப்பு. ஒரே அளவில் பித்தளையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடை குறைவு. இரண்டு கையிலும் ஒவ்வொன்று வைத்துப் பார்த்தாலே பழகிவிடும். சந்தேகம் இருந்தால் தண்டின் அடிப்பக்கம் லேசாக உரசிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெளிறிய சாம்பல் நிறம் என்றால் துத்தநாகம். கடைக்காரர்களுக்கு இது அத்துப்படி.

படி 3: முகமும் காந்தமும்

உயர்பாதுகாப்பு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 1860-களில் லைனஸ் யேல் ஜூனியர் காப்புரிமை பெற்ற பின் பூட்டுதான் இன்றைய சாதாரணச் சிலிண்டரின் மூலம். சாவி நுழைந்ததும் பின்கள் சரியான உயரத்துக்கு எழும், சாவி நுழையும் உள் உருளைக்கும் (பிளக்) வெளி உறைக்கும் நடுவிலுள்ள கோட்டில் அவை நேராகும், பிளக் சுற்றும். உயர்பாதுகாப்புச் சிலிண்டரில் பெரும்பாலும் இதற்கு மேல், அல்லது இதற்குப் பதிலாக, வேறொரு பூட்டும் முறை இருக்கும்: சைடுபார் (பிளக்கின் பக்கவாட்டில் நின்று அதைச் சுற்றவிடாமல் தடுக்கும் கம்பி), சுழலும் பின், டிஸ்க் (வட்டத் தகடு), காந்தம், இப்படி. கூடவே டிரில்லைத் தடுக்கும் எஃகுத் துண்டுகள், கள்ளச் சாவி போடவிடாத சாவி அமைப்பு.

அந்த எஃகை முகத்திலேயே பார்க்கலாம். சாவித்துவாரத்தின் பக்கத்தில் பித்தளைக்குள் பதித்த சிறு வட்டப் புள்ளிகள், வேறு நிறத்தில், சுற்றிலும் மெல்லிய கோட்டோடு தெரியும். பித்தளையைக் காந்தம் இழுக்காது. முகத்தில் காந்தத்தை வைத்ததும் மெல்ல ஒட்டினால் உள்ளே எஃகு இருக்கிறது என்று அர்த்தம். மலிவுச் சிலிண்டரிலும் ஓர் எஃகுப் பின் இருக்கக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முன்னெச்சரிக்கை: சாவியோடு வந்திருந்தால், சாவியில் காந்தம் பதித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காந்தக் குறி கொண்ட பூட்டின் பக்கத்தில் உங்கள் சக்திவாய்ந்த காந்தத்தைக் கொண்டுபோய் எதற்கு வம்பு?

படி 4: சாவி இருந்தால் சாவியைப் படியுங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் சாவியில்லாத சிலிண்டரைவிடச் சாவியோடு இருப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை என்கிறேன்.

நம் பக்கம் குழி போட்ட சாவி எல்லாவற்றையும் ‘கம்ப்யூட்டர் சாவி’ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். தட்டையான பரப்பில் ஒரே அளவுக் குழிகள் ஒரு வரிசையாக இருந்தால், அது பெரும்பாலும் சாதாரணப் பின் பூட்டைப் படுக்கப் போட்டதுதான்.

அதே குழியை லென்ஸில் பாருங்கள். குழிக்குள் இன்னொரு குழி, வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிகிறதா? அப்படியானால் மல்டிலாக் அல்லது அதைப் பார்த்துச் செய்தது. 1973-இல் இஸ்ரேலில் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு பின்னுக்குள் இன்னொரு பின், இரண்டுக்கும் தனித்தனி உயரம். சாவியின் தகட்டில் ஒரு சின்னத் துண்டு ஆடினால், தொட்டதும் மேலும் கீழும் அசைந்தால், அது இன்டராக்டிவ் என்ற அடுத்த தலைமுறை.

குழிகள் பல வரிசைகளில், தகட்டின் பக்கங்களிலும் ஓரத்திலும் சாய்வாகப் பரவியிருந்தால் காபா, கெசோ குடும்பம். குழிச் சாவியை 1934-இலேயே கொண்டுவந்தவர்கள் காபா.

ஓரத்தில் பல் வெட்டிய சாவிதான், ஆனால் மேலிருந்து பார்த்தால் வெட்டுகள் நேராக இல்லாமல் ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம் என்று திரும்பியிருக்கின்றனவா? மெடிகோ. 1968-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் பின் உயர்ந்தால் மட்டும் போதாது, சரியான கோணத்துக்குச் சுழலவும் வேண்டும். இந்தச் சாவியை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவர்கள் பிறகு மறக்க மாட்டார்கள்.

பல் வரிசை சாதாரணமாக இருந்து, தகட்டின் பக்கவாட்டில் தனியாக ஒரு ஏற்ற இறக்கக் கோடு வெட்டியிருந்தால், அஸ்ஸா ட்வின் அல்லது ஷ்லாக் பிரைமஸ். மேலே பின்கள், பக்கத்தில் சைடுபாரைத் தாங்கும் சிறு பின்கள், ஆக இரண்டு வேலை.

சாவிக்குப் பல்லே இல்லை, தகட்டின் இரண்டு பரப்பிலும் வளைந்து வளைந்து ஓடும் பள்ளம் மட்டும் இருந்தால் எவ்வா 3கேஎஸ் வகை. உள்ளே பின்னுக்குப் பதில் நகரும் துண்டுகள், அவற்றுக்கு ஸ்பிரிங் கிடையாது. தகட்டில் நான்கு வட்டங்கள் பதித்து, குண்டூசியை இழுத்தால் எவ்வா எம்சிஎஸ். இரண்டுமே வியன்னாவில் 1919-இல் தொடங்கிய நிறுவனத்தினுடையவை. எம்சிஎஸ் எடைக்குக் கிடைத்தால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். தகடே யூ வடிவத்தில் மடங்கியிருந்தால் ஆஸ்திரேலியாவின் பைலாக்.

பிறகு ஃபின்லாந்தின் ஆப்லாய். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய ஆப்லாய் சாவியின் குறுக்குவெட்டு அரைவட்டம். அதில் பல் கிடையாது. உருண்டையான பக்கத்தில் பட்டை தீட்டியது போல் வெவ்வேறு கோணங்களில் சீவல்கள். ஆழம் முக்கியமில்லை, கோணம்தான் குறி. 1907-இல் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த முறை, இன்றும் அடிப்படை மாறவில்லை. பின்னால் வந்த புரொடெக் வகைச் சாவியை எந்தப் பக்கம் திருப்பியும் நுழைக்கலாம்.

படி 5: சாவி இல்லாவிட்டால் துவாரத்துக்குள் பாருங்கள்

முதலில் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பாருங்கள்.

துவாரம் நின்றிருக்கிறதா, படுத்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. யூரோ சிலிண்டரில் துவாரம் படுத்திருந்தால் ஒரு வரிசைக் குழிப் பூட்டு அல்லது மல்டிலாக் என்று தொடங்கலாம். நின்றிருந்து, இரண்டு பக்கச் சுவரிலும் பின் முனைகள் எட்டிப் பார்த்தால் காபா வகை.

அடுத்து, முதல் பின்னின் முனை. கூம்பாகவோ உருண்டையாகவோ இருந்தால் சாதாரணம். உளிமுனைபோலச் சீவியிருந்தால் மெடிகோ. வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தால் மல்டிலாக் வகை. பல்குத்தியின் முனையை மழுக்கி நடு வட்டத்தை மட்டும் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதி தனியாக உள்ளே போய், தனியாகத் திரும்பி வந்தால் உண்மையிலேயே இரட்டைப் பின். முழுப் பின்னும் சேர்ந்து போனால், வட்டம் வெறும் அலங்காரம். பல்குத்திக்குப் பதில் ஊசியை வைத்துக் குத்தாதீர்கள். பின் முனையில் கீறல் விழும்.

துவாரம் அரைவட்டமாகவோ அகலமாகவோ இருந்து, உள்ளே மெல்லிய உலோக வளையங்கள் காசு அடுக்கியது போல் வரிசையாகத் தெரிந்தால் டிஸ்க் பூட்டு. பல்குத்தியால் ஒரு வளையத்தைச் சுழற்றிப் பாருங்கள். விட்ட இடத்திலேயே நிற்கும், ஸ்பிரிங் இழுக்காது. வளையங்கள் மழமழவென்று, ஆட்டமில்லாமல், முன்பக்கம் எஃகுத் தகட்டோடு இருந்தால் ஆப்லாய் தரம். மலிவான பைக் பூட்டுகளிலும் டிஸ்க் உண்டு. அவற்றில் வளையம் கடகடவென்று ஆடும், ஓரம் சொரசொரப்பாக இருக்கும்.

துவாரத்தின் பக்கச் சுவரில், அடிப்பக்கமாக, மேல் பின்களைத் தவிர இன்னொரு சின்னப் பின் வரிசை தெரிந்தால் அது சைடுபார் உள்ள பூட்டு. துவாரம் காலியாக, உள்ளே ஒன்றுமே தெரியவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். பின் பிடுங்கிய சிலிண்டராகவும் இருக்கலாம், எவ்வா எம்சிஎஸ் மாதிரி துவாரத்துக்குள் ஒன்றும் நீட்டிக்கொண்டிராத காந்தப் பூட்டாகவும் இருக்கலாம். பிளக்கைச் சுற்றிப் பாருங்கள். காலிச் சிலிண்டர் சும்மா சுற்றும். காந்தப் பூட்டு அசையாது.

படி 6: எழுத்தும் முத்திரையும்

பெயர் பல நேரம் முகத்தில் இருக்காது. தண்டின் அடியில், நாக்கின் பக்கவாட்டில், சாவித் தலையில் இருக்கும். ஐரோப்பியச் சிலிண்டரில் இ.என். 1303 என்ற தர எண்ணும் எட்டு இலக்கக் குறியீடும் இருந்தால் ஏழாவது இலக்கத்தைப் பாருங்கள். சாவிப் பாதுகாப்பைச் சொல்வது அது. 6-தான் உச்சம், அதற்குக் குறைந்தது 1,00,000 வேறுபட்ட சாவிகள் சாத்தியமாக இருக்க வேண்டும். எட்டாவது இலக்கம் டிரில், சுத்தியல் போன்ற தாக்குதலைத் தாங்கும் திறன். நாட்டுக்கு நாடு தனித் தரச்சான்று முத்திரையும் உண்டு: நெதர்லாந்துச் சரக்கில் எஸ்.கே.ஜி. நட்சத்திரங்கள், ஜெர்மனியில் வி.டி.எஸ்., பிரான்சில் ஏ2பி, அமெரிக்காவில் யூ.எல். 437. காரைக்கால் பக்கம் தேடுகிறவர்கள் ஏ2பி முத்திரையை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முத்திரை இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் அதுதான் என்று நம்பிவிடாதீர்கள். உறை ஒன்று, பிளக் ஒன்று என்று யாராவது மாற்றிப் பொருத்தியிருக்கலாம். எழுத்தும் துவாரமும் ஒன்றையே சொல்ல வேண்டும். இரண்டும் முரண்பட்டால் துவாரம் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: விலை

“அண்ணே, இது எடைக்கா, பீஸுக்கா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எடைக்குத்தான் என்றால் அன்றைய பித்தளை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து வாங்கலாம். கடைக்காரர் அடுத்த முறை சிலிண்டர்களைத் தனியாக எடுத்து வைப்பார். அந்தப் பழக்கம்தான் உண்மையான லாபம். என்ன பூட்டு என்று அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாதவரிடம் அடித்துப் பிடித்து வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

எதைத் தவிர்க்கலாம்? பிளக்கில் டிரில் போட்டது, முகம் நசுங்கியது, நாக்கு உடைந்து உள்ளே அடைத்துக்கொண்டது. ஆப்லாய், எவ்வா மாதிரி அரிதானது என்றால் டிரில் போட்டதையும் வாங்குங்கள். குறுக்கே அறுத்தால் உள்ளமைப்பைக் கற்க நல்ல மாதிரி கிடைக்கும்.

படி 8: வீட்டுக்கு வந்தபின் சுத்தம்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துச் சரக்கில் உப்புக் காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் வந்ததில் களிம்பு குறைவு, நெல் தூசியும் ஆறிப்போன எண்ணெய்ப் பிசுக்கும் அதிகம். வெள்ளத்தில் மூழ்கிய வீட்டுச் சிலிண்டர் என்றால் வண்டல் உள்ளே இறுகியிருக்கும்; அதற்கு முதலில் வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகுதான் எண்ணெய்.

பித்தளைப் பாத்திரம் என்ற நினைப்பில் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளிப்பு மேல் பூச்சைத் தின்னும், உள்ளே இறங்கினால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். களிம்புக்கு ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் அல்லது டபிள்யூடி-40-இல் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, துணியில் தட்டி எடுத்தால் போதும். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். பென்சில் தூளையும் எண்ணெயையும் சேர்த்துப் போடுவதும் தப்பு. இரண்டும் குழைந்து பின் அறையை அடைத்துவிடும்.

என்ன வகை என்று உறுதியான பிறகே பின்பக்க கிளிப்பைக் கழற்றுங்கள். பிளக்கை வெறுமனே இழுத்தால் பின்களும் ஸ்பிரிங்குகளும் சிதறும். அதே விட்டமுள்ள ஒரு குழாயைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு பிளக்கை எடுக்க வேண்டும். ஆப்லாயில் வளையங்கள் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். வரிசை மாறினால் அந்தச் சாவி பிறகு அந்தப் பூட்டைத் திறக்காது.

படி 9: குறிப்பு எழுதுங்கள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: வடிவம், இரண்டு பக்க நீளம், துவாரத்தின் படம், சாவி உண்டா, எந்த ஊரில் வாங்கியது, என்ன வகை என்று நினைக்கிறீர்கள், எதை வைத்து அப்படி நினைக்கிறீர்கள். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரித்துப் பார்த்தபின் அந்த ஊகம் சரியா தவறா என்று சரிபார்க்கும்போதுதான் கண் பழகும். சாவியின் படத்தை நண்பர்களுக்கு அனுப்பும்போது வெட்டுகளை மறைத்துவிடுங்கள். படத்தை வைத்தே சாவி போட முடியும், அதன் ஜோடிப் பூட்டு அந்த வீட்டின் கொல்லைக் கதவில் இன்னும் இருக்கலாம்.

பயிற்சிக்கு எந்த வரிசையில் எடுப்பது என்று கேட்டால், முதலில் ஒரு வரிசைக் குழிப் பூட்டு, பிறகு மல்டிலாக், அதற்குப் பின் மெடிகோ. ஆப்லாயும் எவ்வாவும் பொறுமையாகக் காத்திருக்கட்டும். கடலோர ஊர்க்காரர்கள் அதுவரை அவற்றை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள்.